ஐந்து வருடப் பிற்பகல்

காலையில் தட்டில் வைத்த மூன்று இட்லியில் ஒன்றை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிப் போன திருமூர்த்தி, பொழுது சாய்கிற நேரத்துக்கு வீடு திரும்பினார். கேட்டைத் திறந்துவிட்ட மனைவி ரேணுகாவை அவர் பார்த்த பார்வையில் அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. கல்யாணம் பண்ணி மகளைக் கட்டிக்கொடுக்கிற வயதுக்கு வந்தாயிற்று, ஒரு நாளும் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"நீ அப்படியேதான் இருக்கற," என்றார்.

காலையில் கட்டியிருந்த அதே சேலைதான். காலையில் சிந்திய சட்னிக் கறைகூட முந்தானையில் இருந்தது. அவளுக்கு நடுவில் போனது ஒரு பகல். அவருக்குப் போனது ஐந்து வருஷம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால்தான் விளங்கும். பயப்பட வேண்டாம், பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

சிறைகளில் ஆளை ஆள் மிதித்துக்கொண்டு படுக்கிற நிலைமை வந்த பிறகு, அரசாங்கம் உள்வாசம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தண்டனை பெற்றவரை ஒரு நாற்காலியில் உட்காரவைப்பார்கள். தலையில் குல்லாய் மாதிரி ஒன்றை மாட்டுவார்கள். உடம்பு அந்த நாற்காலியில் ஒரு பிற்பகல் முழுக்கச் சும்மா கிடக்கும். மனசு மட்டும் உள்ளே ஒரு சிறைக்குப் போய், விடிந்து, வேலை செய்து, உண்டு, உறங்கி, காய்ச்சலில் விழுந்து எழுந்து, வருஷக்கணக்காக வாழும். குல்லாயைக் கழற்றினால் வெளியே இன்னும் வெயில் இருக்கும்.

அரசாங்கத்துக்கு இது பிடித்தது, கட்டடம் கட்ட வேண்டாம். ஏழைகளுக்கும் பிடித்தது, சம்பாதிக்கிறவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான். எல்லாரையும்விட ஊரில் பேர் உள்ளவர்களுக்குப் பிடித்தது. கோயமுத்தூர் வரைக்கும் ஒரு ஜோலியாகப் போய் வந்தார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. உள்வாசம் போனவர்களின் பெயரை யாருக்கும் சொல்லக் கூடாது என்று சட்டமே இருந்தது.

திருமூர்த்திக்குத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. பழுதான பாய்லரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். அது வெடித்து ஓர் ஆள் செத்துப்போனான். அவர் இல்லையென்று வாதாடவில்லை. ஐந்து வருஷம் கொடுத்தார்கள். ரேணுகாவுக்கு மட்டும் தெரியும். மகள் சிந்துஜாவுக்கும் சொல்லவில்லை, அவளைப் பெண் கேட்டிருந்த தாராபுரத்துக்காரர்களுக்கும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உள்வாசம் வந்த புதிதில் ஆட்களைத் தனித்தனியாகத்தான் உள்ளே அனுப்பினார்கள். அப்படிப் போன பலர், திரும்பி வந்தபின் வாயைத் திறக்கவே இல்லை. பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் சுவரைப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் ஒரே பிற்பகலில் உட்காருகிறவர்களை இரண்டு இரண்டு பேராக ஒரே அறையில் போடுவது என்று ஏற்பாடு செய்தார்கள். உள்ளே கூட இருந்தவரை வெளியே வந்து தேடக் கூடாது என்பது நிபந்தனை.

திருமூர்த்தியோடு இருந்தவன் சோனாராம் டுடு. அவர் வயதுதான் இருக்கும். ஜார்க்கண்டிலிருந்து வந்த சந்தால் இனத்தவன், பனியன் கம்பெனியில் துணி அடுக்குகிற வேலை. சூப்பர்வைசரை இரும்புக் கம்பியால் அடித்தான் என்று வழக்கு. அவனுக்கும் ஐந்து வருஷம்.

உள்ளே ஒரு மதில், ஒரு முற்றம், ஒரு வேப்பமரம். இயந்திரத்தைச் செய்தவர்கள் சிக்கனக்காரர்கள் போலிருக்கிறது. ஒரே மேகக்கூட்டம்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டில் உப்பு இருந்தது, ருசி இல்லை. ஆனால் காவலர்களைச் செய்யும்போது மட்டும் மெனக்கெட்டு, நிஜச் சிறைகளில் பேசுகிற பேச்சைப் பதிவு செய்து அதிலிருந்து செய்திருந்தார்கள். அதனால் அந்த இல்லாத காவலர்கள் திருமூர்த்தியை சார் என்றார்கள். சோனாராமை டேய் வடக்கா என்றார்கள். கக்கூஸ் கழுவுகிற வேலை முதல் நாளே சோனாராமின் தலையில் விழுந்தது. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் இயந்திரத்துக்கு எழுதிக்கொடுக்கவில்லை. பேச்சைப் பிடித்தபோது அதுவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

திருமூர்த்திக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படி. சோனாராமுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவன் பாஷை தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் இது மரம், இது தண்ணி என்று ஆரம்பித்தார்கள். அவன் வாயில் திருமூர்த்தியின் தமிழ் ஏறியது, திருமூர்த்தியின் வாயில் சந்தாலி கொஞ்சம் ஒட்டியது. அதன்பிறகுதான் அவருக்கு ஒன்று தெரிந்தது. சோனாராமின் விசாரணைக்கு ஹிந்தி மொழிபெயர்ப்பாளரைப் போட்டிருந்தார்கள். வடக்கிலிருந்து வந்தவன் ஹிந்திதானே பேசுவான் என்று போலீஸிலிருந்து கோர்ட்டு வரை எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவனுக்கு ஹிந்தி, கடையில் சாமான் கேட்கிற அளவுக்குத்தான் தெரியும். அவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். அடி விழுந்தபோது நீ அங்கே இருந்தாயா என்று கேட்கிறார்கள் என்று நினைத்து ஆட்டிய தலை, நீதான் அடித்தாயா என்பதற்குப் பதிலாகப் போயிற்று.

இரண்டாவது வருஷம் என்று நினைக்கிறேன், ஒரு நாள் சோனாராம் அவரிடம் கேட்டான், பாய்லரில் செத்துப்போனவரின் பெயர் என்ன என்று. கம்பெனியில் பெங்காலி என்று கூப்பிடுவார்கள் என்றார் திருமூர்த்தி.

"அது பேரில்லைங்களே, அண்ணா."

கோர்ட்டில் அந்தப் பெயரைப் பலமுறை வாசித்திருந்தார்கள். இவர் காதில் வாங்கவில்லை. நாள்கணக்காக முற்றத்தில் நடந்துகொண்டே யோசித்தார். ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது ஞாபகம் வந்தது. நிதாய். வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகு அன்றைக்குச் சாப்பிட்டது நிற்கவில்லை. மறுநாள் காலையில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கக்கூஸ் பக்கம் போனார். காவலர், சார் உங்களுக்கு எதுக்கு சார், என்றார். அன்றிலிருந்து முறை வைத்துக் கழுவினார்கள்.

வெளியே வந்ததும் நிபந்தனைப்படி இரண்டு பேரும் ஆளுக்கொரு வாசல் வழியாக அனுப்பப்பட்டார்கள். திருமூர்த்தி அவனைத் தேடவில்லை. பட்டறையைத் திறந்தார், பாய்லர்களை மாற்றினார், மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பேசினார்.

ஆறேழு மாதம் போயிருக்கும். பட்டறை ஆபீசுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஃபர்ஹானா, இலவச சட்ட உதவி வழக்கறிஞர். கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று கேட்டுச் சாத்திக்கொண்டாள்.

சோனாராம் டுடுவைத் தெரியுமா என்று அவள் கேட்டபோது திருமூர்த்தி தெரியாது என்றார். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவர் உங்களைப் பற்றி நிறையச் சொன்னார் சார், என்றாள். அவர் என்று அவள் சொன்னது அவருக்கு வித்தியாசமாகக் கேட்டது. அவனை யாரும் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை, உள்ளேயும் சரி, வெளியேயும் சரி.

விஷயம் இதுதான். இவர்கள் உட்கார்ந்த அன்று சாயங்காலம் உள்வாச நிலையத்தின் மேல் இடி விழுந்தது. அந்தப் பிற்பகலின் பதிவுகள் எல்லாம் அழிந்துபோயின. நான்கு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இயந்திரத்தின் கணக்கில் அன்றைக்கு யாருமே உட்காரவில்லை. சோனாராமைப் பிடித்துக் காவலில் வைத்துவிட்டார்கள். தண்டனை நிறைவேறவில்லை, மறுபடி உட்காரவைக்க உத்தரவு வேண்டும் என்று நிலையம் கோர்ட்டில் கேட்டிருக்கிறது.

"மறுபடி அஞ்சு வருசமா?" என்றார் திருமூர்த்தி. தெரியாது என்று சொன்னதை மறந்துவிட்டார்.

"ஆமா சார். அரசியல் சட்டம் இருபதாவது பிரிவுல இருக்கு, ஒரே குத்தத்துக்கு ஒருத்தரை ரெண்டு தடவை தண்டிக்கக் கூடாதுன்னு. ஆனா அவங்க சொல்றது, மொத தடவையே நடக்கலை, அப்புறம் எங்க ரெண்டாவதுன்னு. அஞ்சு வருஷம் இருந்தேன்னு அவர் சொல்றாரு. ஆதாரம் எங்கன்னு கேக்கறாங்க. மனசுக்குள்ள இருந்ததுக்கு ஆதாரத்துக்கு எங்க போறது?"

திருமூர்த்தி மேஜையிலிருந்த நூல் சாம்பிளைக் கையில் எடுத்து உருட்டினார். அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்துகொண்டிருந்தது, வேண்டாம் வேண்டாம் என்று நினைக்க நினைக்க வந்தது.

"எனக்கு ஒரு போன் வந்துச்சுங்," என்றார். "ஒரு மூணு மாசம் முன்னால. நிலையத்துல இருந்துதான். அன்னைக்கு நீங்க உக்காந்தீங்களா சார்னு கேட்டாங்க. ஆமாங்க, உக்காந்தேன்னேன். சரிங்க சார், சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்கன்னு வெச்சுட்டாங்க. எதுக்குக் கேக்கறாங்கன்னுகூட நான் கேக்கல."

சோனாராமையும் கேட்டார்கள் சார், என்றாள் ஃபர்ஹானா. அவரும் ஆமான்னுதான் சொன்னார்.

ஒரே பிற்பகல், ஒரே அறை, ஒரே இடி. ஒரே கேள்விக்கு இரண்டு பேரும் ஒரே பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், மற்றவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

சாட்சி சொல்ல வருவீர்களா என்று அவள் கேட்டாள். உடனே, அவர் பதில் சொல்வதற்குள், வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். ஒளிக்கவில்லை. உள்வாசம் போனது ஊருக்குத் தெரிந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. உங்கள் பதிவும் காலிதான், நீங்கள் வாயால் சொன்னதை வைத்துத்தான் முடித்திருக்கிறார்கள். அரசு வக்கீல் இரண்டு பேரையும் மறுபடி உட்காரவையுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் நீதிபதி என்ன செய்வார் என்று என்னால் சொல்ல முடியாது.

சாட்சி சொல்லப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது ரேணுகா முதலில் நம்பவில்லை. நம்பியதும் கோபம் வந்தது. சீர்வரிசைப் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள், அடுக்குகிற சத்தம் கூடியது.

"கண்ணாலம் முடியட்டுமுங்க. அப்பறம் போயி என்ன வேணா சொல்லுங்க."

"அதுக்குள்ள அவன உக்கார வெச்சிருவாங்க, ரேணு."

"அவன் யாருங்க நமக்கு? ஒரு மத்தியானம் பக்கத்து சேர்ல உக்காந்திருந்தவன்."

அவர் ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்துத் துடைத்தார். ரேணுகா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இது ஒரு மத்தியானம்தான், அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. அவருக்கோ கல்யாண வாழ்க்கைக்கு அடுத்தபடியாக ஒரே கூரையின் கீழ் அதிக நாள் இருந்தது அவனோடுதான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பதினோரு நாள் ஈரத்துணி போட்டான் என்றார். எந்தக் காய்ச்சல், எப்போது வந்தது என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க போறதுன்னா போங்க," என்றாள். "நான் அந்தக் கோர்ட்டுப் படி ஏற மாட்டன். இப்பவே சொல்லிப்போட்டேன்."

அன்று சாயங்காலமே தாராபுரத்துக்கு அவரே போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். மகளிடமும் சொன்னார். சிந்துஜா அழவில்லை. அப்பா, உள்ள இருந்தப்ப நான் ஞாபகத்துல இருந்தனா, என்று மட்டும் கேட்டாள். தாராபுரத்துக்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

விசாரணை நாளில் கோர்ட்டில் கூட்டம் ஒன்றும் இல்லை. ஒரு வடக்கத்தி ஆளின் வழக்கைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? நீதிபதி ஓர் அம்மாள், வயது அறுபதைத் தொட்டிருக்கும். எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்கிற பழக்கமுள்ளவர். சாட்சி சொல்லும்போது சோனாராம் உள்ளே இருக்கக் கூடாது என்று அவனை வெளியே கொண்டுபோயிருந்தார்கள். திருமூர்த்தி ஏறிச் சொன்னார். யார், எந்தக் குற்றம், எத்தனை வருஷம், உள்ளே யாரோடு, பிறகு வந்த போன் எல்லாம் சொன்னார். போன் விஷயத்தில் நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிலையத்து அதிகாரியைப் பார்த்தார். நடைமுறைதானுங்கம்மா, என்றார் அதிகாரி. என்ன நடைமுறை என்று நீதிபதி கேட்டார். அதிகாரி கையிலிருந்த கோப்பைப் புரட்டினார்.

அரசு வக்கீல் சிறுவயதுக்காரர், கெட்டவர் இல்லை. அவருக்குத் தோன்றியதைச் சொன்னார்.

"சட்டத்தின் முன் எல்லாரும் சமம்னு எதிர்த்தரப்பு சொல்றது சரிதான். அப்படின்னா இவரோட பதிவும் காலி. ரெண்டு பேரையும் உக்கார வெப்போம். அதுதான சமம்?"

திருமூர்த்தியின் கை சாட்சிக் கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்தது. அந்த மதில், அந்த வேப்பமரம், திரும்பத் திரும்ப வருகிற மேகம். வரும்போதே தெரிந்து வந்ததுதான்.

நீதிபதி நிலையத்தின் பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்டார், ஓர் ஆள் உள்ளே இருந்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்க வேறு வழி உண்டா என்று. பொறியாளர் யோசித்துச் சொன்னார். மதில் எப்படி, மரம் எப்படி என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை, ஆயிரக்கணக்கான பேர் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் கேட்டுச் சொல்லிவிடலாம். இயந்திரம் செய்யாத ஒன்று, இவர்களாக உள்ளே உண்டாக்கிக்கொண்ட ஒன்று இருந்து, அதை இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னால், அந்த நேரம் ஓடியிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்றார்.

"அப்படி ஏதாவது இருக்கா?" என்று நீதிபதி திருமூர்த்தியிடம் கேட்டார்.

"சமைச்சோமுங்," என்றார் அவர்.

உள்ளே சமையல்கட்டே கிடையாது என்றார் பொறியாளர்.

"வாயாலதானுங்க சமைச்சோம். அங்க சாப்பாட்டுல ருசி கெடையாது. அதனால சாயங்காலமானா ஆளுக்கொரு நாள் அவங்கவங்க ஊர்ச் சமையலச் சொல்றது. அடுப்புப் பத்த வெக்கிறதுல இருந்து. அவன் அரிசி மாவுல கறியப் பெசஞ்சு எலையில பொதிஞ்சு சுடுவான். நான் சந்தகை பிழிவேன், எங்க ஊரு இடியாப்பமுங்க."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீதிபதியும் பேனாவை வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். சந்தகை எப்படிப் பிழிவீர்கள், சொல்லுங்கள் என்றார்.

திருமூர்த்தி சொன்னார். அவர் ஆயுசில் அடுப்பு பற்றவைத்தவர் இல்லை. சின்ன வயதில் அம்மா செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். அரிசியை ஊறவைத்து, ஆட்டி, இட்லியாக வேகவைத்து, ஆவி பறக்கச் சந்தகை உரலில் போடுவது வரை சொன்னார். பிறகு கைகளை உரலின் பிடி மாதிரி வைத்துக்கொண்டு, "இந்த எடத்துல யாரும் பேசக் கூடாதுங்," என்றார். "பிழியறப்ப பேசுனா இழை அறுந்து போயிரும். முழுக்க எறங்கி முடியற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு. ரேணுகா. கோர்ட்டுப் படி ஏற மாட்டேன் என்றவள் எப்போது வந்து உட்கார்ந்தாளோ தெரியவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

நீதிபதி அவளைக் கூப்பிட்டார். என்ன சிரிப்பு என்றார்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றாள் ரேணுகா. "அப்படியொண்ணு கெடையாதுங்க. பேசுனா இழையெல்லாம் அறாது. இவரு சின்னதுல தொணதொணன்னு பேசுவாராம், சூட்டு உரலுகிட்ட வந்து கைய வெச்சிருவாராம். அதுக்காவ எங்க மாமியார் சொல்லி வெச்ச பொய்யிங்க அது. எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. நானும் இவருகிட்டச் சொல்லலைங்க. இன்னைக்கு வரைக்கும் நான் சந்தகை பிழிஞ்சா அமைதியா வந்து உக்காந்துக்குவாரு. அது நல்லாத்தான இருக்குதுன்னு விட்டுட்டேன்."

திருமூர்த்தி மனைவியைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வயது மனுஷனுக்கு, கோர்ட்டில், கூண்டில் நின்றுகொண்டு இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காது மடல் சிவந்துபோயிற்று. அவரை இறங்கிப் போய் உட்காரச் சொன்னார்கள்.

பிறகு சோனாராமைக் கூட்டி வந்தார்கள். இளைத்திருந்தான். திருமூர்த்தியைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது, பார்க்கக் கூடாது என்ற நினைப்பு வந்ததும் கீழே குனிந்துகொண்டான். வழக்கம்போல் ஹிந்தி மொழிபெயர்ப்பாளர் எழுந்து நின்றார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

உள்ளே சாயங்காலங்களில் என்ன செய்வீர்கள் என்று தமிழிலேயே கேட்டார். சமைப்போமுங்க, என்றான். கொங்குத் தமிழ், அதுவும் திருமூர்த்தி வீட்டு இழுவையோடு. அரசு வக்கீல் நிமிர்ந்தார். அண்ணன் என்ன சமைப்பார் என்று நீதிபதி கேட்டார். ரசம், அரிசியும் பருப்பும், சந்தகை என்று அவன் வரிசையாகச் சொன்னான். சந்தகையைச் சொல்லுங்கள் என்றார்.

அவன் அரிசி ஊறவைத்தான். ஆட்டினான். வேகவைத்தான். சொல்லச் சொல்லக் கை தானாக வேலை செய்தது. இட்லியை உரலில் போட்டான், பிடியைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒன்றும் பேசவில்லை.

கோர்ட்டு முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். அவன் கைகளை மெதுவாகத் திருகிக்கொண்டே இருந்தான். கடைசியில் கையை எடுத்து, நீதிபதியைப் பார்த்து, தாமதத்துக்கு வருத்தப்படுகிறவன் மாதிரிச் சொன்னான்:

"பிழியறப்ப பேசக் கூடாதுங்கம்மா. இழ அறுந்து போயிரும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

உண்மையை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். ஒரு வீட்டில் மட்டும் இருந்த ஒரு பொய், அந்த வீட்டுக்காரரோடு நாள்கணக்கில் உட்காராமல் இன்னொருவனுக்குப் போயிருக்க முடியாது. தீர்ப்பில் நீதிபதி ஏறக்குறைய இப்படித்தான் எழுதினார். உள்வாசம் நடந்திருக்கிறது, இருவரும் தண்டனையை அனுபவித்துவிட்டார்கள், இருவரையும் மறுபடி உட்காரவைக்கக் கூடாது. சோனாராம் இந்தத் தமிழை உள்ளேதான் கற்றார் என்பதும் நிரூபணமாகிறது. நிபந்தனையை மீறியதற்குத் திருமூர்த்திக்கு ஒரு கண்டிப்பு. ஒருவர் சொல்லை எழுதிக்கொண்டு மற்றவர் சொல்லை எழுதாததற்கு நிலையம் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

வெளியே வராந்தாவில் நால்வரும் நின்றார்கள். சோனாராம் ரேணுகாவைப் பார்த்துத் தலை தாழ்த்தி, ஜொஹார், என்றான். அது அவர்கள் பாஷையில் வணக்கம் என்று திருமூர்த்தி சொன்னார். ரேணுகா கும்பிட்டாள். எங்க ஊட்டுக்கு வாங்க, ஒரு நாள் நெசமாவே பிழிஞ்சு போடறேன், என்றாள். அவள் போனில் தாராபுரத்திலிருந்து இன்னும் எதுவும் வந்திருக்கவில்லை. அவள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஃபர்ஹானா சந்தோஷமாக இருந்திருக்க வேண்டியவள், எதையோ மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு சோனாராமிடம் சொல்ல ஆரம்பித்தாள். நிதானமாக, விட்டுவிட்டுச் சொன்னாள்.

இன்றைக்குத் தீர்ப்பில் நீதிபதி எழுதியிருக்கிற ஒரு வரி பெரிய வரி. நீங்கள் தமிழை உள்ளேதான் கற்றீர்கள் என்றால், விசாரணையின்போது உங்களுக்குத் தமிழ் தெரியாது. உங்கள் பாஷையில் யாரும் உங்களிடம் பேசவும் இல்லை. அந்த வரியை வைத்து மேல்முறையீடு போனால், நீங்கள் குற்றவாளி என்று சொன்ன அந்தப் பழைய தீர்ப்பை ரத்து செய்துவிடலாம். ஆனால் ரத்து செய்தால், முதலிலிருந்து மறுபடி விசாரியுங்கள் என்று மேல்கோர்ட்டு சொல்லும். அப்போது இருபதாவது பிரிவு உங்களைக் காப்பாற்றாது, நீங்களே கேட்டு வாங்கிய விசாரணை அது. தோற்றால் மறுபடி நாற்காலி. ஏற்கெனவே இருந்த ஐந்து வருஷத்தைக் கழித்துக்கொள்வார்களா என்று உள்வாசச் சட்டத்தில் இன்னும் எழுதவில்லை.

"இப்படியே விட்டுட்டா?" என்று கேட்டார் திருமூர்த்தி.

"இப்படியே விட்டா யாரும் தொட முடியாது சார். குற்றவாளியா இருக்கற வரைக்கும் பத்திரமா இருக்கலாம்."

திருமூர்த்தி அவசரமாகக் குறுக்கிட்டார். வேண்டாம் சோனா, விட்டுரு, என்றார். போதும். ஊருக்குப் போ. யாரும் உன்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை. உள்ளே மறுபடி போனால் பக்கத்தில் யார் இருப்பார்களோ. ரெண்டாவது தடவை உன்னால் முடியாது, என்னாலேயே முடிந்திருக்காது. இத்தனை பாடுபட்டு நிறுத்தியது அந்த இரண்டாவது தடவையைத்தான், அதை நீயே போய்க் கேட்கப் போகிறாயா என்றார்.

சோனாராம் அவர் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டான். வராந்தாவின் ஓரத்தில் அடுத்த வழக்குக்காக ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

"ரெண்டாவது தடவைன்னு சொல்றீங்களே, அண்ணா," என்றான். "நடந்தது என்னன்னு என்னைய இன்னும் ஒரு தடவ கூட யாரும் கேக்கலைங்களே."

ஃபர்ஹானா பையைத் திறந்து மேல்முறையீட்டுக்கான வக்காலத்துக் காகிதத்தை எடுத்தாள். திருமூர்த்திக்குத் தன்னிடம் கேட்டவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார். நீதிபதி கேட்டார். நிலையத்திலிருந்து போன் போட்டுக் கேட்டார்கள். இவர் சொன்னது ஒவ்வொன்றையும் யாராவது எழுதிக்கொண்டார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, சோனாராமிடம் நீட்டினார்.